மேக்பெத்: நாடகமா, படமா? எந்தப் படம்?

"மகனுக்கு இலக்கியப் பாடத்தில் மேக்பெத். புத்தகத்தைத் தொடமாட்டேன் என்கிறான். எந்தப் படத்தைக் காட்டினால் நாடகத்தைப் படித்த மாதிரி இருக்கும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

படித்த மாதிரி எதுவும் இருக்காது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் போன வருடம் என் மகளுக்கும் இதே பாடம், இதே அடம். ஜூன் விடுமுறையில் சிங்கப்பூரில் எங்கள் ஈசூன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து இருவரும் நான்கு படங்கள் பார்த்தோம். அதனால் கொஞ்சம் பேசும் தகுதி வந்துவிட்டது.

நான் எல்லாப் படத்துக்கும் வைக்கும் பரீட்சை ஒன்றுதான்: பதவி ஆசையில் மேக்பெத் தன் அரசன் டங்கனைக் கொல்லும் இடம். ஷேக்ஸ்பியர் அதை மேடையில் காட்டவே இல்லை. இரண்டாம் அங்கம், இரண்டாம் காட்சி. அரசன் உள்ளே தூங்குகிறான், மேக்பெத் போய்விட்டான், நம் கண்ணுக்குத் தெரிவது வெளியே நிற்கும் அவன் மனைவி மட்டும். ஆந்தை அலறுகிறது. தூங்கும் கிழவர் தன் அப்பா சாயலில் இல்லாதிருந்தால் தானே முடித்திருப்பேன் என்கிறாள். அவன் வருகிறான், கையில் குறுவாள்கள். அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்க வேண்டியவை. அதுகூட அவனுக்கு உறைக்கவில்லை. உள்ளே தூங்கியவர்கள் கடவுளை வேண்டியபோது தன்னால் 'ஆமென்' சொல்ல முடியவில்லையே என்று புலம்புகிறான். அப்புறம் யாரோ கோட்டைக் கதவைத் தட்டுகிறார்கள். தட்டிக்கொண்டே இருக்கிறார்கள்.

2011-ல் ஃபோர்ட் கேனிங் பூங்காவில் சிங்கப்பூர் ரெப்பர்டரி தியேட்டர் இதை மேடையேற்றியபோது புல்தரையில் பாய் விரித்துப் பார்த்தேன். சுற்றிலும் பூச்சிச் சத்தம், பக்கத்தில் யாரோ சிப்ஸ் பொட்டலத்தைக் கசக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தட்டல் வந்ததும் பொட்டலம் நின்றுவிட்டது.

இப்போது படங்கள். ரோமன் போலன்ஸ்கியின் 1971 படம் நம்மை அறைக்குள்ளேயே கூட்டிப்போய்க் கொலையைக் காட்டிவிடுகிறது. பயம் போய் அருவருப்பு வருகிறது. மகனுக்குப் போடும் முன் நீங்கள் தனியாகப் பார்த்துவிடுங்கள். ஜோயல் கோயனின் 2021 படமும் கொலையைக் காட்டுகிறது. ஆனால் கறுப்பு வெள்ளையில் நிழலும் தூணுமாக, மேடையைப் போலவே கட்டிய படம் அது. கொலைக்குப் போகும் மேக்பெத்தாக டென்சல் வாஷிங்டன்; அவர் கண்ணுக்குக் கத்தியாகத் தெரிவது தூரத்துக் கதவின் கைப்பிடி. மேக்பெத்துக்குக் குறி சொல்லும் மூன்று சூனியக்காரிகளாகவும் கேத்ரின் ஹண்டர் ஒருவரே வருகிறார். வசனம் ஷேக்ஸ்பியருடையது என்பதால் மகனின் பள்ளிப் பரீட்சைக்கு உதவுவது இதுதான்.

விஷால் பரத்வாஜின் 'மக்பூல்' (2003) எனக்கு ரொம்பப் பிடிக்கும். மும்பை நிழலுலகக் கதை. சூனியக்காரிகளுக்குப் பதில் ஜாதகக் கட்டம் போடும் இரண்டு போலீஸ்காரர்கள். நமக்கு இது உடனே ஒட்டிக்கொள்ளும். காடு நகர்ந்து வரும் என்ற குறி, கடல் வீட்டுக்கு வரும் என்று மாறியிருக்கிறது. ஆனால் மேக்பெத்தின் மனைவி லேடி மேக்பெத் இங்கே தாதாவின் ஆசைநாயகி, மேக்பெத்தாக வரும் இர்ஃபான் கானின் காதலி. கொலைக்குப் பதவி ஆசையோடு காதலும் காரணமாகிவிடுகிறது. தபு நடிப்பில் அது நியாயமாகவே தெரியும். அதுதான் வம்பு. உங்கள் மகன் அதை அப்படியே விடைத்தாளில் எழுதினால் ஆசிரியர் சிவப்புப் பேனாவை எடுத்துவிடுவார்.

அப்புறம் அகிரா குரோசாவாவின் 'த்ரோன் ஆஃப் பிளட்', 1957. ஜப்பானியப் படம், ஷேக்ஸ்பியரின் ஒரு வரிகூட அதில் கிடையாது. என் பரீட்சையில் முழு மதிப்பெண் வாங்கியது இதுதான்.

மனைவி அசாஜியாக இசுசு யமாடா. முகம் 'நோ' என்னும் ஜப்பானிய மரபு நாடகத்து முகமூடிபோல் அசைவதே இல்லை. காவலர்களுக்கு மயக்க மருந்து கலந்த மதுவை எடுத்துவர இருட்டான வாசலுக்குள் போகிறாள், மறைகிறாள், கையில் ஜாடியோடு அதே இருட்டிலிருந்து திரும்புகிறாள். பட்டு அங்கி தரையில் உரசும் சத்தம் மட்டும். என் மகள் எழுந்து போய் மின்விசிறியை நிறுத்திவிட்டு வந்தாள், அந்த வெயிலில்! கணவனாக வரும் தோஷிரோ மிஃபூனே கொலைக்காக ஈட்டியோடு போனபின் கேமரா அவனோடு போவதில்லை, அவளோடு அறையிலேயே இருந்துவிடுகிறது. அவன் திரும்பி வருகிறான், கை ஈட்டியை விடமாட்டேன் என்கிறது. அவள்தான் பிடுங்கி எடுக்கிறாள். வசனமே இல்லாமல் அந்தக் குறுவாள் காட்சி முழுவதும் இங்கே இருக்கிறது. இது எனக்குப் பிறகுதான் உறைத்தது, மகளுக்கு அங்கேயே. "இதே சீன் புக்கில் இருக்கா?" என்று கேட்டாள்.

அதனால் என் யோசனை: குரோசாவாவை முதலில் போடுங்கள், ராத்திரியில். அடுத்த நாள் அந்த ஒரு காட்சியை மட்டும் புத்தகத்தில் எடுத்துச் சத்தமாகப் படியுங்கள். நூறு வரிகூட வராது. எங்கள் வீட்டில் நான் லேடி மேக்பெத், மகள் மேக்பெத். கதவு தட்டும் சத்தத்துக்கு என் மாமியாரைப் பிடித்தோம். கதை தெரியாது அவருக்கு. சாப்பாட்டு மேசையில் தட்ட ஆரம்பித்தவர், போதும் அத்தை என்று நான் சொல்லியும் நிறுத்தவில்லை.