புரோபயாடிக்: எந்த ரகம், எந்த நோய்க்கு? குடல்நோய் மருத்துவர் பதில்கள்

கே: டாக்டர், ஆன்டிபயாடிக்கோடு புரோபயாடிக் கேப்சூலும் எழுதித் தந்திருக்கிறார்கள். சேர்த்தே விழுங்கலாமா?

ப: வேண்டாம். புரோபயாடிக் என்பது உடலுக்கு நன்மை செய்யும் என்று கொடுக்கப்படும் உயிருள்ள கிருமி. கேப்சூலில் இருப்பது பாக்டீரியா என்றால் ஆன்டிபயாடிக் அதையும் கொன்றுவிடலாம். இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். ‘சாக்கரோமைசஸ் பொலார்டி’ என்று எழுதியிருந்தால் அந்தக் கவலை இல்லை. அது ஈஸ்ட், ஆன்டிபயாடிக்குக்கு அசையாது. ஆன்டிபயாடிக்கால் வரும் பேதியைக் குறைப்பதில் புரோபயாடிக்குக்கு ஓரளவு நல்ல ஆதாரம் உண்டு.

கே: மருந்து முடிந்த பிறகும் தொடர்ந்தால் குடல் சீக்கிரம் பழைய நிலைக்கு வருமா சார்?

ப: வரும் என்ற நம்பிக்கைக்கு 2018-ல் ஓர் அடி விழுந்தது. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவன ஆய்வாளர்கள், எண்டோஸ்கோபியால் குடலுக்குள்ளிருந்தே மாதிரி எடுத்துப் பார்த்தார்கள். ஆன்டிபயாடிக்குக்குப் பின் புரோபயாடிக் சாப்பிட்டவர்களைவிட, ஒன்றுமே சாப்பிடாதவர்களுக்குத்தான் சொந்த பாக்டீரியாக்கள் விரைவாகத் திரும்பின. சிறிய ஆய்வுதான். ஆனாலும் மாதக்கணக்கில் நீட்டிக்க நான் சொல்வதில்லை.

கே: ‘நோய் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்’ என்று டப்பாவில் போட்டிருக்கிறதே?

ப: விளம்பரக்காரர்களுக்குப் பிடித்த வரி. எதிர்ப்புச் சக்தி கூடிக்கொண்டே போவது நல்லதல்ல. அது அளவு மீறினால் ஒவ்வாமையும் குடல் அழற்சியும்தான் மிஞ்சும். குடலின் உள்சுவரில் இருப்பது ஒரே ஓர் அடுக்கு செல்கள். அதற்குக் கீழேயே எதிர்ப்பு செல்கள் கூட்டமாக இருக்கின்றன. நார்ச்சத்தைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் நொதிக்கவைக்கும்போது பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலம் கிடைக்கிறது. அந்தச் சுவர் செல்களுக்கு முக்கிய எரிபொருள் அதுதான். தேவையில்லாத சண்டையை அடக்கும் டி-செல்கள் என்ற எதிர்ப்பு செல்கள் உருவாகவும் அது உதவுகிறது. இந்த வேலையெல்லாம் ஏற்கெனவே உள்ளே குடியிருக்கும் பாக்டீரியாக்களுடையது. கேப்சூலில் வருபவை பெரும்பாலும் விருந்தாளிகள். நிறுத்திய சில வாரங்களில் காணாமல் போகும். சளி, இருமல் தொற்று சற்றுக் குறைவதாகச் சில ஆய்வுகள் காட்டுகின்றன. ஆதாரத்தின் தரம் சுமார். நார்ச்சத்துள்ள உணவைத்தான் முதலில் சொல்வேன்.

கே: 500 கோடி, 5,000 கோடி என்று கிருமிகளின் எண்ணிக்கை போடுகிறார்களே, எதை வாங்க?

ப: எண்ணிக்கையை அப்புறம் பாருங்கள், முதலில் ரகம். ஒரே இனத்திலேயே ஒரு ரகம் வேலை செய்யும், இன்னொன்று செய்யாது. ‘லாக்டோபேசில்லஸ் ரம்னோசஸ் ஜிஜி’ என்பதில் கடைசி ‘ஜிஜி’தான் ரகம். அது இல்லாத டப்பாவை வைத்துவிடுங்கள். 2020-ல் ‘லாக்டோபேசில்லஸ்’ போன்ற முன்பாதிப் பெயர்களில் பலவற்றை மாற்றிவிட்டதால் டப்பாக்களில் பழசும் புதுசும் கலந்து கிடக்கும், குழம்ப வேண்டாம். பெயர்பெற்ற ரகமும் எல்லாவற்றுக்கும் உதவாது. இதே ஜிஜி, அமெரிக்காவில் திடீர் வயிற்றுப்போக்கு வந்த குழந்தைகளிடம் பலன் தரவில்லை என்று 2018-ல் தெரிந்தது.

கே: அம்மாவுக்குக் கீமோ நடக்கிறது. வயிறு சரியில்லை. கொடுக்கலாமா?

ப: அவருடைய புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள் அம்மா. எதிர்ப்பு செல்கள் குறைந்திருக்கும்போது இந்த ‘நல்ல’ கிருமியே ரத்தத்தில் கலந்து தொற்றாகலாம். நெதர்லாந்தில் கடுமையான கணைய அழற்சி நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வில், புரோபயாடிக் பெற்றவர்களில் 16 சதவீதம் பேர் இறந்தார்கள். பெறாதவர்களில் 6 சதவீதம். 2008-ல் வெளியான முடிவு அது.

கே: எனக்கு ஐபிஎஸ் (வயிற்று வலியும் மலம் போவதில் மாற்றமும் அடிக்கடி வரும் குடல் கோளாறு). எத்தனை நாள் சாப்பிட?

ப: ஒரே ரகம், 12 வாரம் வரை. பலன் இல்லையென்றால் நிறுத்திவிடுங்கள். முதல் சில நாட்கள் வயிறு உப்பலாம். மலத்தில் ரத்தமோ காரணமில்லாத எடைக் குறைவோ இருந்தால் இதெல்லாம் வேண்டாம், உடனே பரிசோதனைக்குப் போங்கள்.