எந்த எஸ்டேட்? கேள்வி பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் படிவம் நிரப்ப உதவி கேட்டு வருவோர் அதிகம் தடுமாறும் ஆங்கிலச் சொல் ‘எஸ்டேட்’. நில அலுவலகத்தில் வேலை பார்த்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

அப்பா இறந்த பின் வந்த வங்கிக் கடிதத்தில் ‘எஸ்டேட் ஆஃப்’ என்று அவர் பெயரைப் போட்டிருக்கிறார்கள். பால்மரம் சீவியவருக்கு ஏது எஸ்டேட், ஐயா?

இருக்கிறது, அம்மா. அவர் விட்டுச்சென்ற வீடு, வங்கிப் பணம், மோட்டார் சைக்கிள், அடைக்காத கடன் எல்லாம் சேர்ந்ததே அந்த எஸ்டேட். இச்சொல்லைக் கேட்டதும் நமக்குத் தோட்டத் துரை பங்களாவும், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களமும்தான் கண்முன் வருகின்றன. ‘நமக்கில்லை’ என்று கடிதத்தை மூலையில் போட்டுவிடுகிறோம். தாத்தா பெயரிலேயே வீடு கிடக்க, பேரப்பிள்ளைகள் விற்கவும் முடியாமல் பிரிக்கவும் முடியாமல் நிற்கிறார்கள்.

உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்தில் வீடோ நிலமோ இருந்து, மொத்த மதிப்பு 50 லட்சம் ரிங்கிட்டைத் தாண்டாவிட்டால் அது 1955-ஆம் ஆண்டுச் சட்டப்படி ‘சிறு எஸ்டேட்’. 2024 ஜூலை வரை வரம்பு 20 லட்சமாக இருந்தது. இறப்புச் சான்றிதழ், கிராண்ட் (நில உரிமைப் பத்திரம்) நகல், வாரிசுகளின் அடையாள அட்டை நகல் ஆகியவற்றுடன் நில அலுவலகத் துறையின் பூசாக்கா கெச்சில் (சிறு எஸ்டேட்) பிரிவில் மனுச் செய்யுங்கள். மூலக் கிராண்டை எந்தத் தரகரிடமும் கொடுக்காதீர்கள்.

எஸ்டேட் கார்?

பின்புறம் சாமான் ஏற்ற நீண்ட இடமுள்ள கார். பிரிட்டிஷ் வழக்கு.

பத்திரிகையை ஏன் ‘நான்காவது எஸ்டேட்’ என்கிறார்கள்?

பழைய பிரான்சில் குருமார், பிரபுக்கள், மற்ற மக்கள் என மூன்று எஸ்டேட்டுகள். அவற்றுக்கு அடுத்த நான்காவது சக்தி என்ற பொருளில்தான் பத்திரிகைக்கு அந்தப் பெயர். 1789-இல் அம்மூன்றின் சபை கூடியபோதுதான் புரட்சி வெடித்தது. அங்கே எஸ்டேட் என்பது சமூக நிலை. லத்தீன் வேரான ‘ஸ்டேட்டஸ்’ என்பதற்கும் நிலை என்றே பொருள். உடைமை, நிலம் என்ற பொருள்கள் பின்னால் சேர்ந்தவை.

மாமா 60 ஏக்கர் செம்பனைக்கு ‘எஸ்டேட்’ என்று பலகை வைத்திருக்கிறார். சரியா?

பலகை வைக்கலாம். ஆனால் சட்டப்படி அது எஸ்டேட் ஆகாது. தேசிய நிலச் சட்டத்தின் 214ஏ பிரிவில் 40 ஹெக்டேருக்குக் குறையாத விவசாய நிலம்தான் எஸ்டேட் நிலம். அதாவது ஏறத்தாழ 99 ஏக்கர்.

அது வெறும் காகிதக் கணக்கு, சார். மரமும் ஆளும் இருந்தால் எஸ்டேட்தான்.

காகிதக் கணக்கு இல்லை, தம்பி. அந்த அளவு நிலத்தை விற்க எஸ்டேட் நில வாரியத்தின் ஒப்புதல் வேண்டும். ஐம்பதுகளில் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றார்கள். வேலையும் போய், லயத்து வீடும் போய், நம்மவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். அதனால்தான் அப்போது அமைச்சராக இருந்த நம் ஊர் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாக (அன்றைய மலாயா நாணயம்) போட்ட பணத்தில் கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கினார்கள். நிலத்தின் அளவு யாருக்கு முக்கியம் என்று இப்போது சொல்லுங்கள்.

எங்களுக்கு எஸ்டேட் எதுவும் இல்லை. பாட்டி பெயரில் ஒரு வீடு மட்டும் இருக்கிறது...

முதல் பதிலைப் படியுங்கள்.

அம்மா பெயரில் வீடு, ஐயா. அதுவும் எஸ்டேட்டா?

அம்மா காலமாகியிருந்தால் அதுவும்தான். கிராண்ட் யாரிடம்?

தரகரிடம்.

நாளைக் காலையிலேயே போய் வாங்கிவிடுங்கள்.