வெளியூர் ஆட்டமும் உடல் கடிகாரமும்: வாசகர் கேள்வி பதில்

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து (ஹெல்மெட் அணிந்து, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஆடும் அமெரிக்க வகை) அணிகளின் பயணச் சிக்கல்கள் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். கேள்வி அனுப்பியவர்களில் பெற்றோர், அணி மேலாளராக இருக்கும் மாணவர்கள், ஒரு சிறு கல்லூரியின் விளையாட்டுத் துறை ஊழியர் ஆகியோர் உண்டு.

என் மகன் மேற்குக் கரைக் கல்லூரி ஒன்றின் அணியில் இருக்கிறான். இந்தப் பருவத்தில் வெளியூருக்குப் போன இடமெல்லாம் தோல்வி. பயணக் களைப்புதான் காரணம் என்கிறார்கள். உண்மையா, வெறும் சாக்கா?
– ஒரு தாய், கலிபோர்னியா

பாதி உண்மை. 2024 ஆகஸ்ட் 2 அன்று யூசிஎல்ஏ, யூஎஸ்சி, ஒரேகான், வாஷிங்டன் ஆகிய நான்கு மேற்குக் கரை அணிகள், மத்திய மேற்கு, கிழக்கு மாநில அணிகள் ஆடும் பிக் டென் கூட்டமைப்பில் சேர்ந்தன. அதுவரை பக்கத்து மாநிலங்களுக்குப் போய் வந்தவர்கள், மூன்று மணி நேர வித்தியாசம் உள்ள நியூ ஜெர்சிக்கும் மேரிலாண்டுக்கும் பறக்க வேண்டியதாயிற்று. அந்தப் பருவத்தில் யூசிஎல்ஏ 5 வெற்றி, 7 தோல்வி என்று தடுமாறியது. ஆனால் அந்த ஐந்தில் மூன்று வெற்றிகள் வெளியூரில் வந்தவை: ஹவாய், ரட்கர்ஸ், நெப்ராஸ்கா. சொந்த மைதானத்தில் கிடைத்தவை இரண்டுதான். தூரம் மட்டுமே காரணம் என்றால் இந்தக் கணக்கு தலைகீழாக இருந்திருக்கும்.

அதே ஆண்டு யூஎஸ்சி மிச்சிகனில் 3 புள்ளியிலும், மினசோட்டாவில் 7 புள்ளியிலும், மேரிலாண்டில் ஒரே புள்ளியிலும் தோற்றது. பயணம் எங்கே கடிக்கிறது என்பதை இந்த மாதிரி ஆட்டங்களில்தான் தேட வேண்டும். கூடுதல் திறமையுள்ள அணிக்குக் கொஞ்சம் தூக்கம் போனாலும் கையிருப்பு மிஞ்சும். திணறும் அணிக்கு அந்தக் கையிருப்பே கிடையாது.

காரணத்தை ஊகிப்பதைவிட எழுதிப் பார்ப்பது நல்லது. ஒவ்வொரு வெளியூர் ஆட்டத்துக்கும் நான்கு விவரங்கள் போதும். ஆட்டத்துக்கு முந்தைய இரண்டு இரவுகளிலும் எத்தனை மணி நேரம் தூங்கினார்கள். ஆட்டம் தொடங்கியபோது சொந்த ஊர்க் கடிகாரத்தில் மணி என்ன. ஆட்டத்தின் நான்கு கால்பகுதிகளில் எதில் புள்ளிகள் பறிபோயின. பந்து நகரும் முன்பே முன்வரிசையில் நிற்கும் லைன்மேன் அசைந்ததற்கான அபராதங்கள் எத்தனை. முதல் கால்பகுதியிலேயே தூங்கி வழிந்தால் உடல் கடிகாரத்தைச் சந்தேகியுங்கள். நான்காவதில் சரிந்தால் தூக்கக் குறைவையும் நீர்ச்சத்தையும் பாருங்கள். அபராதங்கள் மட்டும் கூடியிருந்தால் காரணம் பார்வையாளர் இரைச்சல். பயணத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதற்கு மருந்து, வாரம் முழுக்க ஒலிபெருக்கியை அலறவிட்டு, குரலுக்குப் பதில் சைகையைப் பார்த்துப் பந்தை நகர்த்தும் முறையில் பயிற்சி செய்வது. 2024 முதல் மேல்நிலைப் பிரிவில் பயிற்சியாளர் களத்து வீரரோடு பேசும் ஹெல்மெட் ரேடியோ அனுமதிக்கப்பட்டாலும், அடுத்த நகர்வைத் தொடங்கத் தரும் நேரத்தை எண்ணும் கடிகாரத்தில் 15 வினாடி மிச்சம் இருக்கும்போதே அது துண்டிக்கப்பட்டுவிடும். அதன்பின் இரைச்சலைச் சமாளிப்பது வீரர்கள் பாடு.

கிழக்கில் பகல் 12 மணிக்கு ஆட்டம். நாங்கள் மேற்கிலிருந்து போகிறோம். வெள்ளிக்கிழமை போனால் போதுமா, வியாழனே போக வேண்டுமா?
– மாணவ மேலாளர், ஒரேகான்

முதலில் மணியைக் கணக்கிடுவோம். கிழக்கே 12 மணி என்றால் உங்கள் வீரர்களின் உடலுக்குக் காலை 9. ஆட்டத்துக்கு முந்தைய உணவை நான்கு மணி நேரம் முன்பு வைப்பது வழக்கம். அது உடலுக்கு விடியற்காலை 5 மணி. அதற்காக எழுப்புவது 4:15-க்கு. பசியே எடுக்காத நேரத்தில் தட்டை நீட்டுகிறீர்கள். பாதிப் பேர் சாப்பிடாமல் களத்துக்குப் போவார்கள். மூன்றாம் கால்பகுதியில் கால் ஓய்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

உடல் கடிகாரம் ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான் நகரும். கிழக்கு நோக்கி நகர்வது இன்னும் கடினம். ஆகவே வியாழன் போனாலும் மூன்று மணி நேரத்தை முழுதாக ஈடுகட்ட முடியாது. எங்கள் தீர்ப்பு: வெள்ளி போங்கள், ஆனால் கடிகாரத்தைத் திங்கட்கிழமை முதலே ஊரில் நகர்த்துங்கள். தினமும் அரை மணி நேரம் முன்னதாகப் படுத்து அரை மணி முன்னதாக எழுந்தால், வெள்ளிக்குள் இரண்டு மணி நேரம் முன்னகர்ந்துவிடலாம். பயிற்சியைக் காலை 9 மணிக்கு, அதாவது ஆட்டம் நடக்கப்போகும் அதே உடல் நேரத்துக்கு மாற்றுங்கள். மாலைப் பயிற்சியை அப்படியே வைத்துக்கொண்டு வீரர்களைச் சீக்கிரம் தூங்கச் சொல்வது பலிக்காது.

எழுந்தவுடன் பிரகாசமான வெளிச்சம் வேண்டும். வெளியே அரை மணி நேரம் நடந்தால் போதும். இரவில் படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே விளக்குகளைக் குறையுங்கள். முன்கூட்டியே நகர்த்தாமல் போனால் என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும். வழக்கமாக விழிக்கும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு உடல் வெப்பம் மிகக் குறைந்த நிலைக்குப் போகிறது. அந்தப் புள்ளிக்குப் பின் படும் வெளிச்சம் கடிகாரத்தை முன்னே தள்ளும். அதற்கு முன் படும் வெளிச்சம் பின்னே தள்ளும். ஊரில் 7 மணிக்கு விழிப்பவருக்கு அந்தப் புள்ளி 4 முதல் 5-க்குள், கிழக்கு நேரப்படி 7 முதல் 8-க்குள் வரும். போய் இறங்கிய மறுநாள் காலை 6 மணிக்கே அவரை வெயிலில் நிறுத்தினால், உதவிக்குப் பதில் கெடுதல் நடக்கிறது. ஏற்கெனவே இரண்டு மணி நேரம் நகர்ந்தவருக்கு இந்தச் சிக்கல் இல்லை.

காபியை மதியத்தோடு நிறுத்துங்கள். அதன் பாதி அளவு உடலை விட்டுப் போகவே ஐந்து மணி நேரம் போல ஆகும். கஃபீனுக்குக் கல்லூரி விளையாட்டில் வரம்பும் உண்டு: சிறுநீரில் ஒரு மில்லிலிட்டருக்கு 15 மைக்ரோகிராம். தூக்க மாத்திரை, மெலடோனின் எதுவானாலும் அணி மருத்துவர் கையிலிருந்து மட்டும். அறைத் தோழனிடமிருந்து வாங்கக் கூடாது.

இன்னொன்று. அரிசோனா பெரும்பாலும் கோடை நேர மாற்றத்தைப் பின்பற்றுவதில்லை. அக்டோபரில் அங்கே மணி உங்கள் மணிதான். நவம்பர் முதல் ஞாயிறு கடந்தால் ஒரு மணி நேர வித்தியாசம் வந்துவிடும். செப்டம்பரில் போட்ட அட்டவணையை நகலெடுப்பவர்கள் சறுக்கும் இடம் இது.

எங்களுடையது சிறு கல்லூரி. பேருந்தில் ஒரு வழிக்கு ஒன்பது மணி நேரம். விடுதிக்குப் பணமில்லை. அன்றே போய் அன்றே திரும்புவது சரியா?
– விளையாட்டுத் துறை ஊழியர், ஒஹாயோ

ஒரே ஓட்டுநரை வைத்துக்கொண்டு முடியவே முடியாது. பயணிகள் பேருந்தை ஓட்டுபவர், தொடர்ச்சியாக 8 மணி நேரம் ஓய்வெடுத்த பின் அதிகபட்சம் 10 மணி நேரம்தான் ஓட்டலாம். பணிக்கு வந்ததிலிருந்து 15 மணி நேரப் பணி முடிந்தால் அதன்பின் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. இது கூட்டாட்சி விதி. காலையில் ஒன்பது மணி நேரம் ஓட்டியவர் அன்றிரவே உங்களைத் திரும்பக் கொண்டுவர முடியாது. மைதானத்து வாகன நிறுத்தத்தில் பேருந்துக்குள் அவர் கண்ணயர்ந்தார் என்பதை நம்பி வீரர்களை ஏற்றாதீர்கள்.

எழுபது வீரர்களுக்கு இருவருக்கு ஓர் அறை என்றாலே 35 அறைகள். அதோடு ஒப்பிட்டால், வழியில் ஓரிடத்தில் மாற்று ஓட்டுநர் ஏறிக்கொள்ளும் ஏற்பாடு மிக மலிவு. பணம் கொஞ்சம் இருந்தால் போகும்போது தங்குங்கள், திரும்பும்போது மாற்று ஓட்டுநரோடு இரவில் வாருங்கள். ஒன்பது மணி நேரம் மடக்கிய முழங்காலோடு இறங்கி நேரே களத்துக்குப் போவது தசைப்பிடிப்புக்கு அழைப்பு.

பேருந்தை அமர்த்தும் முன் அதன் பக்கவாட்டில் எழுதியிருக்கும் யூஎஸ்டாட் எண்ணை (நிறுவனத்தின் கூட்டாட்சிப் பதிவு எண்) குறித்து, கூட்டாட்சிப் போக்குவரத்துத் துறையின் பொதுப் பதிவில் பாருங்கள். நிறுவனத்தின் விபத்துகள், சோதனையில் வண்டி நிறுத்தப்பட்ட விவரம் எல்லாம் அதில் இலவசமாகக் கிடைக்கும். 56 இருக்கைப் பேருந்தில் கால்பந்து அணியை 56 பேராக ஏற்றாதீர்கள். 35 முதல் 40 பேர்தான் வசதியாக அமர முடியும். இரண்டரை மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள். நிறுத்தும் இடத்தில் கழிவறைகள் எத்தனை என்று முன்பே பாருங்கள். ஒரே கழிவறை உள்ள கடையில் நிறுத்தினால் பதினைந்து நிமிடம் நாற்பதாகும். அட்டவணை அங்கேயே உடையும். உணவை முன்கூட்டியே சொல்லிவைத்து வண்டிக்குள்ளேயே கொடுங்கள்.

உபகரண லாரி நேரத்துக்கு வராமல் போனால்?
– உபகரண உதவியாளர், வாஷிங்டன் மாநிலம்

53 அடி ட்ரெய்லருக்கும் ஓட்டும் நேர விதி உண்டு: 10 மணி நேர ஓய்வுக்குப் பின், 14 மணி நேரத்துக்குள் 11 மணி நேரம் ஓட்டலாம். மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரைக்கு ஏறத்தாழ 2,800 மைல். ஒரே ஓட்டுநர் என்றால் ஐந்து நாள். இருவர் மாறிமாறி ஓட்டினால் இரண்டரை நாள், பனியோ பழுதோ வந்தால் மூன்றரை. ஆகவே லாரி செவ்வாய் இரவுக்குள் கிளம்பியாக வேண்டும். ஆனால் வியாழன் வரை பயிற்சி இருக்கிறது. தோள்கவசம் இரண்டு செட் இருந்தால் சமாளிக்கலாம். ஹெல்மெட் ஒவ்வொரு தலைக்கும் அளந்து பொருத்தியது, அது விமானத்தில் அணியோடுதான் வர வேண்டும்.

லாரியை நம்பக் கூடாத மற்ற பொருட்கள்: அளவெடுத்துச் செய்த பல்கவசம், முழங்கால் பிரேஸ், பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்கின் காலணி. பயிற்சியாளர்களின் ஹெட்செட்டுகளுக்கான உதிரி லித்தியம் பேட்டரிகளை விமானத்தின் சரக்கு அறையில் வைக்க முடியாது, கைப்பையில்தான் எடுத்துப்போக வேண்டும். லாரியில் முதலில் தேவைப்படுவதைக் கடைசியாக ஏற்றுங்கள். எண் பொறிக்காத உதிரிச் சட்டைகள், முகக்கம்பிகள், தாடைப்பட்டிகள், திருகுகள், சார்ஜ் செய்த ட்ரில் ஆகியவை கதவருகே இருக்கட்டும். மைதானம் புல்லா செயற்கைத் தரையா என்று கேட்டு அதற்கேற்ற அடிமுளைக் காலணிகளை எடுங்கள்.

காற்று நிரப்பிய உள்ளுறை கொண்ட ஹெல்மெட்டுகளை உயரமான இடங்களில் மறுபடி சரிபார்த்தே ஆக வேண்டும். வயோமிங்கின் மைதானம் கடல் மட்டத்திலிருந்து 7,220 அடி உயரத்தில் இருக்கிறது. கடலோரத்தில் நிரப்பிய காற்று அங்கே உப்பித் தலையை இறுக்கும். அங்கே காற்றை இறக்கிவிட்டு ஊர் திரும்பினால் ஹெல்மெட் தளர்ந்து ஆடும்; திங்கள் பயிற்சிக்கு முன் மறுபடி பொருத்தாவிட்டால் அது ஆபத்து. பந்தும் அப்படித்தான். விதிப்படி அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 12.5 முதல் 13.5 பவுண்டு. 21 டிகிரி செல்சியஸ் அறையில் 13 வைத்த பந்து, பூச்சியத்துக்கு ஒரு டிகிரி கீழே உள்ள களத்தில் 11 அளவுக்கு இறங்கும். அந்த மென்மையான பந்தோடு குவார்ட்டர்பேக் முன்கூட்டியே பழகியிருக்க வேண்டும்.

என் மகனுக்குச் சிக்கிள் செல் மரபுக்கூறு ஒன்று இருப்பதாகப் பரிசோதனையில் வந்தது. உயரமான ஊரில் ஆடலாமா?
– ஒரு தந்தை, டெக்சாஸ்

ஆடலாம் ஐயா, மருத்துவர் மேற்பார்வையோடு. இந்தப் பரம்பரைத் தன்மை உள்ளவர்களுக்கு, ஆக்சிஜன் குறைந்த உயரத்தில் கடுமையாக உழைக்கும்போது இரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் வடிவில் வளைந்து இரத்த ஓட்டத்தைத் தடுக்கலாம். முதல் பிரிவுக் கல்லூரிகளில் 2010 முதல் இந்தப் பரிசோதனையைக் கேட்பது இதற்காகத்தான். இதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம்: இதே மரபுக்கூறு உள்ள தொழில்முறை வீரர் ரயன் கிளார்க் 2007-ல் டென்வரில் ஆடிய பிறகு கடுமையாக நோயுற்று, மண்ணீரலும் பித்தப்பையும் அகற்றப்பட்டன. பயிற்சியாளர், உடற்பயிற்சியாளர், மருத்துவர் மூவருக்கும் இந்த விவரம் தெரிந்திருக்க வேண்டும். உயரமான இடத்தில் முதல் நாளே முழு வேக ஓட்டங்கள் கூடாது. இடையிடையே நீண்ட ஓய்வு, போதிய நீர், களத்தருகே ஆக்சிஜன் வேண்டும். இடது விலாவின் கீழே வலி, கால் தசை வலுவிழப்பது, மூச்சு அடங்காதது ஆகியவற்றில் எது வந்தாலும் அவர் அங்கேயே நிறுத்த வேண்டும். ‘தசைப்பிடிப்புதான், நீட்டிவிட்டால் போகும்’ என்று யாராவது சொன்னால் கேட்காமல் மருத்துவமனைக்குப் போகச் சொல்லுங்கள்.

தனி விமானத்தில் ஏறும் முன் எங்களை எடை கேட்டார்கள். ஏன்?
– லைன்மேன், மினசோட்டா

வழக்கமான பயணிகளுக்குச் சராசரி எடையை வைத்துக் கணக்கிடலாம். கால்பந்து அணிக்கு அது பொருந்தாது. உங்களில் பலர் 136 கிலோவைத் தாண்டுவீர்கள். உண்மையான எடையைக் கொண்டு சமநிலையைக் கணிக்க வேண்டும். அதனால்தான் கிளம்பும் முன் கேட்காமல் இருக்கை மாறக் கூடாது. நடு இருக்கைகளைக் காலியாக விடும்படி உங்கள் மேலாளர் முன்பதிவின்போதே கேட்கலாம்.

இரவு ஆட்டம் முடிந்து விடியற்காலை நான்கு மணிக்கு வந்து சேர்கிறோம். காயம்பட்டவர்களை எப்படிக் கூட்டி வருவது?
– பயிற்சி உதவியாளர், இண்டியானா

தலையில் அடிபட்டவரை ஏற்றுவதா வேண்டாமா என்பதை மருத்துவர் தீர்மானிக்கட்டும். ஏற்றினால், அவருக்குப் பக்கத்தில் ஓர் உதவியாளர் விழித்திருக்க வேண்டும். வாந்தி, தலைவலி கூடுவது, பேச்சுக் குழறல் தெரிந்தால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். காலில் அடிபட்டவருக்கு ஓரத்து இருக்கையும், கால் நீட்ட இடமும், அழுத்தக் காலுறையும் கொடுங்கள். அசைக்கலாம் என்று மருத்துவர் சொன்னால் மணிக்கு ஒருமுறை கணுக்காலை மேலும் கீழும் இருபது தடவை அசைக்கச் சொல்லுங்கள். அடுத்த சில நாளில் ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடானால் இரத்தக் கட்டியா என்று அன்றே பார்க்க வேண்டும். விமானத்தில் காற்று மிக வறண்டிருக்கும்; மணிக்கு ஒரு டம்ளர் தண்ணீர் போதும். மற்றவர்களை ஞாயிறு முற்பகல் முழுக்கத் தூங்க விடுங்கள். காணொளி ஆய்வை மாலைக்குத் தள்ளுங்கள். ஆட்ட நாள் எவ்வளவு நீண்டாலும் கல்லூரி வீரர்களின் பயிற்சிக்கும் ஆட்டத்துக்கும் உள்ள வாரத்துக்கு 20 மணி நேர வரம்பில் மூன்று மணி நேரமாகத்தான் எழுதப்படும். அந்தக் கணக்கை நம்பித் திங்களன்று கடும் பயிற்சி வைக்க வேண்டாம். திங்கள் காலை வகுப்பு உள்ளவர்களின் பட்டியலைப் பயிற்சியாளரிடம் சனிக்கிழமையே கொடுத்துவிடுங்கள்.