அண்ணன் பொய் சொல்கிறார் என்று முடிவுகட்டும் முன்

வணக்கம். நீங்களும் அண்ணனும் ஒரே விபத்தைப் பார்த்திருந்தும், கார் வந்த வேகத்தை அவர் கூட்டிச் சொல்வது பொய் என்று எழுதியிருந்தீர்கள். அவசரப்பட்டு அப்படி முடிவுகட்ட வேண்டாம் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன். 1974-இல் உளவியல் ஆய்வாளர்களான எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் மாணவர்களுக்கு விபத்துக் காட்சிகளைக் காட்டி வேகத்தைக் கேட்டபோது, கார்கள் ‘நொறுங்க மோதின’ என்ற சொல்லால் கேட்கப்பட்டவர்கள் சராசரியாக மணிக்குச் சுமார் 41 மைல் என்றும், ‘தொட்டன’ என்ற சொல்லால் கேட்கப்பட்டவர்கள் சுமார் 32 மைல் என்றும் மதிப்பிட்டனர். மற்றொரு சோதனையில், ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, காட்சியில் இல்லாத உடைந்த கண்ணாடியைக்கூடப் பார்த்ததாகச் சிலர் கூறினர். சத்தம் கேட்டுத் திரும்பியவர் கண்ணில் முதலில் படுவது காரின் நசுங்கிய முன்பக்கமாக இருக்கலாம். அதிலிருந்தே வேகத்தை மனம் ஊகித்துக்கொள்ளக்கூடும். அன்று அண்ணனிடம் முதலில் விசாரித்தவர் எந்தச் சொல்லால் கேட்டார் என்று பொறுமையாகக் கேட்டுப் பாருங்கள்.