போட்டு வைத்த தங்கம்

அன்புள்ள ஐயா,

பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்திலுள்ள பல்லராட் போய் சவரின் ஹில் பார்த்துவிட்டு வந்தோம். 1850களின் தங்கவேட்டை ஊரைத் திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். மண் தெரு, மரக்கடைகள், குதிரை வண்டி, சிவப்புச் சட்டைச் சிப்பாய்கள். ஓடையில் மண்ணை அலசி என் மகன் இரண்டு பொட்டுத் தங்கம் எடுத்தான். அந்தத் தங்கத்தூளை அவர்களே ஓடையில் போட்டு வைக்கிறார்கள் என்று தெரிந்ததும் அவன் முகம் வாடிவிட்டது. "அப்போ எல்லாமே பொய்யாப்பா?" என்று கேட்டான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இது வரலாறா, சினிமா செட்டா?

க., மெல்பர்ன்

அன்புள்ள க.,

உங்கள் மகன் கேட்டது நல்ல கேள்வி. பொய் இல்லை என்று அவனிடம் தாராளமாகச் சொல்லலாம். தங்கம் போட்டு வைத்ததுதான், ஆனால் அவன் கை செய்த வேலை அசல். தங்கம் மணலைவிட ஏழு மடங்கு கனம். தட்டைச் சாய்த்து ஆட்டினால் மணல் நீரோடு போகும், தங்கம் அடியில் தங்கும். 1851இல் பல்லராட்டில் தங்கம் கிடைத்த செய்தி பரவி ஓடி வந்தவர்களும் இதையேதான் செய்தார்கள்.

அந்த ஊரில் நான் நம்புவது கைத்தொழில்களைத்தான். சக்கரப் பட்டறையைப் பார்த்தீர்களா? நீராவி எந்திரத்தில் ஓடும் பழைய கருவிகளைக் கொண்டு சக்கரத்தின் நடுவிலிருக்கும் குடமும் ஆரக்காலும் வெளிவிளிம்பான வட்டையும் செய்கிறார்கள். இரும்புப் பட்டையைப் பழுக்கக் காய்ச்சி மரச் சக்கரத்தில் மாட்டித் தண்ணீர் ஊற்றினால், அது சுருங்கி மரத்தைக் கவ்விக்கொள்ளும். நம்மூரில் மாட்டுவண்டிக்குப் பட்டை போட்டதும் இப்படித்தான். புகை எழும்பி மூட்டுகள் நெறிபடும் அந்தச் சத்தத்தை எந்தப் புத்தகமும் கொடுக்காது. இந்த ஊர் 1970இல் திறந்தது. அன்றிலிருந்து இத்தகைய வேலைகளைச் செய்துகாட்டி உயிரோடு வைத்திருப்பதே பெரிய காரியம்.

ஆனால் உங்கள் மகன் ஓடையில் கைவிட்ட சற்று நேரத்தில் தங்கம் வந்துவிட்டது பாருங்கள், அங்கேதான் எனக்கு உறுத்துகிறது. பல்லராட்டில் மேல்மண் தங்கம் சீக்கிரமே தீர்ந்தது. மிச்சம் கிடந்தது பூமிக்கடியில் புதைந்துபோன பழைய ஆற்றுப் படுகைகளில். அதை எட்ட நீரையும் பாறையையும் தாண்டி மாதக்கணக்கில் குழி வெட்ட வேண்டும். கடைசியில் ஒன்றுமே இல்லாமலும் போகலாம். ஆனால் தங்கம் தோண்ட அரசின் உரிமக் கட்டணம் முன்கூட்டியே கட்ட வேண்டியது, தங்கம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும். தொடக்கத்தில் அது மாதம் 30 ஷில்லிங், அதாவது ஒன்றரை பவுண்டு. உரிமச் சீட்டு கையில் இல்லாதவனைப் போலீஸ் குதிரையில் வந்து வேட்டையாடிப் பிடித்தது. கிடைக்காத தங்கத்துக்கு வரி கட்டிய கோபம் முற்றித்தான் யுரேக்கா எழுச்சி என்ற தொழிலாளர் கிளர்ச்சி வந்தது. 1854 டிசம்பர் 3, ஞாயிறு விடியற்காலையில் கிளர்ச்சியை அடக்க அரசின் படை புகுந்தது. இருபதுக்கும் மேற்பட்ட சுரங்கத் தொழிலாளர்கள் செத்தார்கள். தேசத்துரோக வழக்கில் நிறுத்தப்பட்ட 13 பேரையும் நடுவர் குழு விடுவித்தது. மாத உரிமம் ஒழிந்து, வருடத்துக்கு ஒரு பவுண்டு என்று ஆனது. தலைமை தாங்கிய பீட்டர் லேலர் அன்று குண்டடிபட்டு ஒரு கையை இழந்தார், பின்னாளில் விக்டோரியா சட்டமன்றத்தின் சபாநாயகரே ஆனார்!

வெறுங்கையோடு குழிக்குள் நின்றவனின் மாதங்களை எந்தக் காட்சி ஊராலும் நடித்துக்காட்ட முடியாது. அதைப் பெற்றோர்தான் சொல்ல வேண்டும்.

சீன முகாமைத் தாண்டிப் போயிருப்பீர்கள். கூடாரங்களும் ஒரு கோயிலும் இருக்கும், பலரும் அங்கே நிற்பதில்லை. 1855இல் விக்டோரியா அரசு, கப்பலில் வந்திறங்கும் ஒவ்வொரு சீனருக்கும் 10 பவுண்டு வரி போட்டது. அதைத் தவிர்க்கப் பல்லாயிரம் பேர் பக்கத்துக் குடியேற்றமான தெற்கு ஆஸ்திரேலியாவின் ரோப் துறைமுகத்தில் இறங்கி, ஏறக்குறைய 400 கிலோமீட்டர் நடந்தே வந்தார்கள். கடல் தாண்டிப் பிழைக்கப் போனவர்களின் வழியில் வந்த நம் பிள்ளைகளுக்கு முதலில் சொல்ல வேண்டிய கதை இதுதான் என்பேன்.

அந்த மண் வாதவுருங் என்ற பூர்வகுடி மக்களுடையது. தங்கத்துக்கு முன்பே ஆட்டு மந்தைகளோடு வந்தவர்கள் அவர்கள் நிலத்தைப் பிடித்துக்கொண்டார்கள். அதன் பிறகும் வாதவுருங் மக்கள் மறைந்துவிடவில்லை. போசம் என்ற விலங்கின் தோலில் தைத்த போர்வைகளைக் குளிரில் நடுங்கிய தொழிலாளர்களுக்கு விற்றார்கள், வழிகாட்டினார்கள். நான் போனபோது தெருவில் இதெல்லாம் என் கண்ணில் அதிகம் படவில்லை. அது பெரிய குறை.

சரி, பையனை மறுபடி கூட்டிப் போங்கள். வேடமிட்டு நிற்பவர்கள் விஷயம் தெரிந்தவர்கள், கேட்டால் நின்று பேசுவார்கள். "தங்கமே கிடைக்காவிட்டால் என்ன செய்வீர்கள்?" என்று அவனையே கேட்கச் சொல்லுங்கள். பல்லராட்டிலேயே யுரேக்கா மையம் இருக்கிறது, எழுச்சியின் அசல் கொடியை அங்கே வைத்திருக்கிறார்கள். காலையில் சீக்கிரம் கிளம்பினால் இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம்.