பிளாஸ்டிக் குழாய்க்குள் ரத்தம் ஏன் உறைகிறது?

கேள்வி: அப்பாவுக்கு வாரம் 3 நாள் டயாலிசிஸ். ஒவ்வொரு முறையும் ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் மருந்து போடுகிறார்கள். அப்படியும் போன மாதம் ஒரு நாள் 2 மணி நேரத்திலேயே ஃபில்டருக்குள் கறுப்புக் கறுப்பாகக் கோடு விழுந்து, அதை மாற்ற வேண்டியதாகிவிட்டது. ரத்தம் உறையாத பிளாஸ்டிக்கிலேயே குழாய் செய்துவிட்டால் இந்த மருந்தே வேண்டாமே, ஏன் செய்யவில்லை?
– வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: முதுநகர் என்கிறீர்கள், துறைமுகம் பக்கம்தான். கரையேற்றிய படகின் அடிப்பக்கத்தைப் பார்த்திருப்பீர்கள். கொட்டலசு (ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும் சிறு கடலுயிர்) எடுத்த எடுப்பில் வந்து உட்காருவதில்லை. முதலில் வழவழவென்று ஒரு படலம் பிடிக்கும், அப்புறம்தான் மற்றவை குடியேறும். குழாயிலும் இதே கதைதான். ரத்தம் உள்ளே நுழைந்த சில நொடிகளிலேயே அதிலுள்ள புரதங்கள் சுவரில் அப்பிக்கொள்கின்றன. ஆல்புமின் ஒட்டினால் பெரிய தொந்தரவில்லை. ஃபைப்ரினோஜென் ஒட்டினால்தான் வம்பு, ஒன்றோடொன்று ஒட்டி உறைவை உண்டாக்கும் பிளேட்லெட் என்ற ரத்தத் துணுக்குகளுக்குப் பாய் விரித்த மாதிரி. இன்னொரு பக்கம் 12ஆம் உறைவுக் காரணி சுவரில் பட்டதும் விழித்துக்கொண்டு அடுத்ததை எழுப்ப, அது அதற்கடுத்ததை எழுப்ப, கடைசியில் த்ராம்பின் வந்து, ரத்தத்தை உறையவைக்கும் ஃபைப்ரின் வலையைப் பின்னிவிடுகிறது.

லேபில் ரத்தம் எடுக்கும்போது டியூபைக் கவனியுங்கள். சிவப்பு மூடி பிளாஸ்டிக் டியூபில், சீக்கிரம் உறையட்டும் என்றே உட்சுவரில் சிலிக்கா துகள் பூசியிருப்பார்கள். சுவர் எதனால் ஆனது என்பதற்கு அவ்வளவு பலம்!

சரி, அப்படியானால் நம் ரத்தக்குழாயில் மட்டும் எப்படி உறையாமல் ஓடுகிறது? அதன் உட்சுவர் வெறும் வழுக்கல் இல்லை, உயிருள்ள செல்கள். நைட்ரிக் ஆக்சைடும் புரோஸ்டாசைக்ளினும் விட்டு பிளேட்லெட்டுகளை அடக்குகின்றன, த்ராம்பினையே பிடித்து உறைவுக்கு எதிராக வேலை வாங்குகின்றன, ஹெப்பாரினுக்கு உறவுக்காரனான ஹெப்பாரன் சல்ஃபேட்டைப் போர்த்திக்கொண்டிருக்கின்றன. இவ்வளவையும் பிளாஸ்டிக்கிடம் எதிர்பார்த்தால் அது எங்கே போகும்?

முயற்சி இல்லாமல் இல்லை. 1963இலேயே வின்சென்ட் காட் குழுவினர் கிராஃபைட் பூசிய பரப்பில் ஹெப்பாரினை ஒட்டவைத்துக் காட்டினார்கள். பிறகு ஹெப்பாரினின் ஒரு முனையை மட்டும் சுவரில் கட்டி மிச்சத்தை ரத்தத்தில் ஆடவிடும் முறை வந்தது. இதய அறுவையில் பயன்படும் குழாய்களில் இப்போதும் அது உண்டு. இன்னொரு வழி, தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும் பாலிமரைப் பூசிப் புரதத்தை அண்டவிடாமல் செய்வது. படகு பெயிண்டிலும் இதே இரண்டு கட்சிதான்: தாமிரம் கசிந்து விரட்டுகிற ரகம், ஒட்டவே விடாத சிலிகான் ரகம். ஹெப்பாரின் பூசிய டயாலிசிஸ் ஃபில்டரும் இருக்கிறது. ஆனால் 4 மணி நேரம், நிமிடத்துக்கு 300 மில்லி அளவில், ஆயிரக்கணக்கான மெல்லிய இழைகளுக்குள் ரத்தம் போய்வர வேண்டும். பூச்சை மட்டும் நம்பி மருந்தைக் கைவிட எல்லோருக்கும் முடிவதில்லை.

உங்கள் அப்பா விஷயத்தில் எனக்கு ஹெப்பாரின் மேல் மட்டுமே சந்தேகம் என்றில்லை, வேறு காரணங்களும் இருக்கலாம். ஃபிஸ்டுலாவில் (டயாலிசிஸுக்காகக் கையில் ரத்தக்குழாய்களை இணைத்த இடம்) ரத்த ஓட்டம் குறைந்தாலும், பம்ப் அடிக்கடி நின்று நின்று ஓடினாலும், ஒரே நாளில் நிறைய நீரை இழுத்து ரத்தம் கெட்டியானாலும், குழாயில் காற்றுக் குமிழி சேர்ந்தாலும் ஃபில்டர் அடைக்கும். அடுத்த தடவை ஃபிஸ்டுலாவைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மருந்தின் அளவை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ சொல்லாதீர்கள்.

கேள்வி: கணவருக்கு உலோக இதய வால்வு வைத்து வருடங்கள் ஆகின்றன. உடம்புக்குள் அது பழகியிருக்குமே, ரத்தத்தை இளக்கும் மாத்திரையை நிறுத்தலாமா? கீரை வேறு கூடாது என்கிறார்கள்.
– வாசகி, முத்தியால்பேட்டை

பதில்: நிறுத்தவே கூடாது. வால்வைத் தைத்திருக்கும் துணி வளையத்தின் மேல் திசு வளர்ந்து மூடும், உள்ளே ஆடும் தட்டின்மேல் வளராது. 1990இல் முதன்முதலாகப் பொருத்தப்பட்ட நம் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா நிலையத்தில் உருவான சித்ரா வால்வுக்கும் மாத்திரை உண்டு. கீரை சாப்பிடலாம், முருங்கைக் கீரை உட்பட. ஆனால் ஒரு வாரம் தினமும், மறு வாரம் ஒன்றுமே இல்லை என்று மாற்றினால் அதிலுள்ள வைட்டமின் கே மாத்திரையின் கணக்கைக் கெடுக்கும். வாரம் 2 நாள் என்றால் எப்போதும் 2 நாள். பல் பிடுங்கப் போனால் டாக்டரிடம் மாத்திரை விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடச் சொல்லுங்கள்.