மேலிருந்து வருபவரே பார்த்து வர வேண்டும்

தேவகோட்டையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “மகன் குடும்பம் சுவிட்சர்லாந்தில் இருக்கிறது. போன குளிர்காலத்தில் பனிச்சறுக்கப் போன 12 வயதுப் பேரனை, பின்னால் வேகமாக வந்த ஓர் இளைஞன் இடித்துத் தள்ளிவிட்டு, ‘வழியில் நின்றது உன் தப்பு’ என்று சொல்லிப் போய்விட்டானாம். பிள்ளைக்குக் காறை எலும்பு முறிந்தது. தவறு யாருடையது? இந்த ஆண்டும் போகிறேன் என்கிறான், விடலாமா?”

ஆச்சி அவர்களுக்கு, முதல் கேள்விக்குத் தயக்கமின்றி விடை சொல்லலாம். சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு 1967இல் வகுத்த பத்து நடத்தை விதிகளில் மூன்றாவது, மேலிருந்து வருபவர்தான் தமக்கு முன்னே இருப்பவருக்கு ஆபத்து நேராதபடி பாதையைத் தேர்ந்துகொள்ள வேண்டும் என்கிறது. இது நாடாளுமன்றம் இயற்றிய சட்டமன்று. ஆயினும் சரிவில் நடந்த விபத்து வழக்குகளில் கவனக்குறைவு யாருடையது என்பதைச் சுவிஸ் கூட்டாட்சி நீதிமன்றம் இவ்விதிகளைக் கொண்டே அளக்கிறது. இடித்தவர் உதவாமலும், பெயரும் முகவரியும் தராமலும் போனது ஒன்பதாம், பத்தாம் விதிகளுக்கு முரணான தனித் தவறு.

இருந்தாலும் பேரனிடம் ஒன்று விசாரியுங்கள்: அவன் நின்ற இடம் ஒரு மேட்டுக்குச் சற்றுக் கீழேயா? குறுகலான இடத்திலும், மேலிருந்து பார்த்தால் தெரியாத இடத்திலும் நிற்கக் கூடாது என்பது ஆறாம் விதி. மேட்டின் மறுபுறம் நிற்கும் பிள்ளை, வருபவர் கண்ணில் படுவது கடைசி இரண்டு விநாடிகளில்தான். அதற்குள் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் வருபவர் 22 மீட்டர் கடந்துவிடுவார். அந்த வேகத்தில் அசையாத ஒன்றின்மேல் மோதுவது, நம் பக்கத்து வீடுகளின் மேல்மாடியிலிருந்து, ஏறத்தாழ 6 மீட்டர் உயரத்திலிருந்து, தரையில் விழுவதற்கு ஒப்பாகும். வேகம் 20 கி.மீ. ஆனால் அந்த உயரம் ஒன்றரை மீட்டராகக் குறைந்துவிடுகிறது; பாதி வேகத்துக்குக் கால்வாசி அடிதான்.

ஹெல்மெட் போட்டிருந்தால் போதும் என்று பெற்றோர் பலர் நினைக்கிறார்கள். கட்டாயம் வேண்டும், ஆனால் அதை நம்பி வேகத்தைக் கூட்டுவது விபரீதம். கார்ப் பந்தய வீரர் மைக்கேல் ஷூமாக்கர், 2013 டிசம்பர் 29 அன்று பிரான்சின் மெரிபெலில், இரண்டு சரிவுகளுக்கு இடையே சீர்செய்யப்படாத பகுதியில் விழுந்து பாறையில் தலை மோதியபோது ஹெல்மெட் அணிந்துதான் இருந்தார்.

ஆகவே விடலாம்; ஆனால் முதல் நாள் முழுவதும் நீலக் குறியிட்ட எளிய சரிவில், பயிற்றுநரோடு இருக்கட்டும். நிற்பதென்றால் ஓரமாக நிற்கவும், கிளம்புமுன் ஒவ்வொரு முறையும் மேலே திரும்பிப் பார்க்கவும் பழக்க வேண்டும். ஸ்னோபோர்டில், அதாவது இரு கால்களையும் பிணைத்த ஒற்றைப் பலகையில், வருபவர் பக்கவாட்டில் திரும்பி நிற்பதால் அவர் முதுகுப் பக்கம் நடப்பது அவருக்கு எளிதில் தெரியாது. அந்தப் பக்கமாக நெருங்கக் கூடாது. கால் ஓய்ந்த பிறகு ‘இன்னும் ஒரே ஒரு தடவை’ என்று கேட்பான். இசையாதீர்கள் என்று மகனிடம் சொல்லுங்கள். பனி சதசதத்து, குடித்தவர்களும் களைத்தவர்களும் ஒரே பாதையில் இறங்கும் பிற்பகல் நேரத்தை நான் ஒருபோதும் நம்புவதில்லை.

மறுபடி யாரேனும் இடித்துவிட்டால், அடிபட்டவரை அசைக்காமல், சற்று மேலே இரண்டு பனிச்சறுக்குப் பலகைகளைக் குறுக்காகப் பனியில் நட்டு வைத்தால் வருகிறவர்கள் விலகிப் போவார்கள். பிறகு சரிவின் மீட்புக் குழுவையோ அந்நாட்டு ஆம்புலன்ஸ் எண்ணான 144ஐயோ அழைக்க வேண்டும். இடித்தவரின் அடையாள அட்டையைப் படம் எடுத்துக்கொள்வது நல்லது. ஆள் யாரென்று தெரியாவிட்டால் இழப்பீடு கோர வழியில்லை.

இன்னொன்று: பூட்ஸைப் பலகையோடு பிணைக்கும் பைண்டிங், விழும்போது கழன்றால்தான் முழங்கால் தப்பும். பிள்ளையின் எடை, உயரம், திறமை, பூட்ஸின் நீளம் ஆகியவற்றைக் கொண்டு அதை முறுக்கி வைப்பார்கள். போன ஆண்டு அளவிலேயே விட்டுவிடாமல், கடையில் புதிதாக அளந்து வைக்கச் சொல்லுங்கள். பன்னிரண்டு வயதில் ஒரு வருடம் என்பது பெரிய வளர்த்தி.